அமைதியான தலைக்கவசம் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டயர் காற்றழுத்தத்தைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களைவிட, போகிற போக்கில் மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்துக்குள் கேட்கும் இரைச்சலைப் பற்றி நான் எழுதிய ஒரே வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: ஐயா, நான் சிறிய மோட்டார்சைக்கிளுக்கான 2பி உரிமம் உள்ளவன். முன்கண்ணாடி பொருத்திய 150 சிசி வண்டியில் தினமும் தீவு விரைவுச்சாலை வழியாகச் சாங்கிக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறேன். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கடைக்காரர் "மிகவும் அமைதியானது" என்று சொன்னதை நம்பி ஏறத்தாழ 600 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு முழுமுகத் தலைக்கவசம் வாங்கினேன். ஆனாலும் வீடு திரும்பியபின் ஒரு மணி நேரத்துக்குக் காதில் கொய்யென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 900 வெள்ளி கொடுத்து இன்னும் உயர்ந்த ரகம் வாங்கினால் இது தீருமா?

பணப்பையைத் திறப்பதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வரை உங்கள் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் இயந்திரத்தின் ஒலியும் பக்கத்து லாரியின் ஒலியும்தான். அதற்குமேல் காற்றின் ஓசை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. காற்றோசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. வேகத்தின் ஐந்தாவது ஆறாவது அடுக்கை ஒட்டிப் பன்மடங்காக ஏறுவது. எழுபதில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த சத்தம் தொண்ணூறில் ஐந்தாறு டெசிபெல் கூடிவிடுவதும், அதே தலைக்கவசத்தை அணிந்து அக்கம்பக்கத்துச் சாலைகளில் ஓட்டும் உங்கள் நண்பர் "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று வியப்பதும் இதனால்தான்.

இந்தக் காற்று தலைக்கவசத்தின் நெற்றியில் மோதுவதால்தான் இரைச்சல் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, தாடைக்குக் கீழே, கழுத்தை ஒட்டிய பகுதியில் சுழலும் காற்றே முக்கியமான ஒலிமூலங்களில் ஒன்று என்று கண்டார்கள். தலைக்கவசத்தின் கீழ்விளிம்புக்கும் உங்கள் கழுத்துக்கும் இடையே உள்ள சந்து, வாய் அகன்ற புட்டியின் விளிம்பில் ஊதுவது போன்ற நிலையை உண்டாக்குகிறது. அங்கே பிறக்கும் ஆழ்ந்த, உறுமல் போன்ற ஒலி, காதைச் சுற்றியுள்ள மெத்தையைச் சுலபமாகக் கடந்து உள்ளே வந்துவிடும். மெத்தையும் நுரையும் கீச்சொலிகளைத் தடுப்பதில் கெட்டிக்காரர்கள், உறுமலிடம் தோற்றுப்போவார்கள்.

இதிலிருந்து நேராக ஒரு முடிவுக்கு வரலாம். மேலே எத்தனை துடுப்புகள், எத்தனை துவாரங்கள் என்று எண்ணுவதைவிட, அணிந்தபின் கீழ்விளிம்பு கழுத்தை எவ்வளவு நெருக்கமாகச் சூழ்கிறது என்று பாருங்கள். தடித்த கழுத்துப் பட்டை இருக்கிறதா, தாடைக்கு அடியில் மாட்டும் துணித்திரை கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள். அந்தத் திரையை "நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம்" என்று கழற்றி இழுப்பறையில் போட்டுவைப்பவர்கள் ஏராளம். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் நாளைக் காலையிலேயே அதை மாட்டி ஓட்டிப்பாருங்கள். அதன்பிறகும் போதவில்லையென்றால், கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணிக்குழாயை அணிந்து அதன் மேல்நுனியைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். பத்து வெள்ளிக்குள் முடிகிற காரியம்.

அடுத்த ஐயம் உங்கள் வண்டியின் முன்கண்ணாடி மீது. குட்டையான முன்கண்ணாடி மார்பில் மோதும் காற்றைத் தூக்கி, அலைக்கழித்து, நேரே உங்கள் முகத்தின் மீது வீசும். கலங்காத காற்றில் சத்தமின்றி இருக்கும் தலைக்கவசம், கலங்கிய காற்றில் கூச்சலிடும். முன்கண்ணாடியே இல்லாத வண்டியில் அமைதியாக இருந்த தலைக்கவசம், முன்கண்ணாடி போட்டதும் இரைச்சலாக மாறியதை நானே அனுபவித்திருக்கிறேன். சோதிப்பது எளிது. இடது ஓரத் தடத்தில், சாலை வெறிச்சோடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தியும் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தும் பாருங்கள். ஒரு நிலையில் சத்தம் சட்டென்று அடங்கினால் குற்றவாளி தலைக்கவசம் அன்று. முன்கண்ணாடியின் உயரத்தை மாற்றுவதோ, அதைக் கழற்றிவிடுவதோ 900 வெள்ளியைவிட மலிவு. காற்றுத் துவாரங்களைச் சந்தேகித்தால், பெயின்டர்கள் ஒட்டும் காகித நாடாவை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு துவாரத்தின் மீது ஒட்டி ஓட்டிப்பாருங்கள். எது மூடப்பட்ட நாளில் விசில் நின்றதோ அதுதான் காரணம்.

இனி, பொருத்தம். புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஆனால் சுற்றளவு கதையின் பாதிதான். ஒரே 57 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்குத் தலை உருண்டையாகவும் மற்றவருக்கு முன்பின்னாக நீண்டும் இருக்கலாம். இங்குள்ள கடைகளில் கிடைக்கும் பல தலைக்கவசங்கள் உருண்டைத் தலையை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டவை. நான் பார்த்த வரையில் நம்மவர்களில் பலருக்கு நீள்தலை. அப்படிப்பட்டவருக்கு நெற்றியில் அழுத்தமும் காதருகில் இடைவெளியும் ஒருசேர வாய்க்கும். நெற்றி வலிக்கிறது என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவார், காதருகில் இருந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், சத்தமும் கூடும். புதிய தலைக்கவசம் கன்னத்தைப் பேசவே சிரமப்படும் அளவுக்குப் பிடிக்கவேண்டும், ஏனெனில் கன்னத் திண்டுகள் சில வாரங்களில் தளர்ந்துவிடும். நெற்றியிலோ உச்சியிலோ ஒரே புள்ளியில் வலித்தால் மட்டும் அந்த வடிவம் உங்களுக்கானதன்று.

கடையில் இருபது நிமிடமாவது அணிந்திருங்கள். வெட்கப்படவேண்டாம், கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கழற்றியபின் நெற்றியில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அணிந்திருக்கும்போதே கன்னப்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே நகரவேண்டும். வாரைக் கட்டிய நிலையில் பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கினால் கழன்று வரக்கூடாது. முகத்துக்கு முன்னால் தூக்கி இறக்கும் கண்ணாடியான வைசரின் ரப்பர் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, பல இடங்களில் இழுத்துப்பாருங்கள். எங்கேயாவது தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அங்கே காற்றும் உருவிக்கொண்டு வரும். நான் இவற்றையெல்லாம் பட்டுத்தான் கற்றேன். ஒரு கடையின் கழிவு விற்பனையில் என் அளவு தீர்ந்துவிட்டதென்று அடுத்த அளவை வாங்கி, பாதி விலையில் கிடைத்ததை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். தொண்ணூறில் அது தலையைவிட்டுப் பறக்கப் பார்த்தது. இப்போது என் பேரன் அதில் பொம்மை லாரிகளைக் கொட்டி வைத்திருக்கிறான்.

எனவே, 900 வெள்ளி கொடுத்தால் தீருமா என்ற கேள்விக்கு என் பதில்: பொருத்தம் சரியாக இருந்தால் ஓரளவு குறையும், முழுவதும் தீராது. விலை உயரும்போது பெரும்பாலும் கிடைப்பது கண்ணாடியிழையோ கரியிழையோ கலந்த இலகுவான ஓடு, நெருக்கமாக மூடும் வைசர், நல்ல தையல், கழற்றித் துவைக்கும் உள்துணி ஆகியவை. ஜப்பானின் ஷோயெய் நிறுவனமும் ஜெர்மனியின் ஷூபெர்த் நிறுவனமும் சொந்தக் காற்றுச் சுரங்கம் வைத்துச் சோதிக்கின்றன. அந்த உழைப்பு ஓட்டும்போது தெரிகிறது. ஆனால் ஷூபெர்த் தன் சி5 மாடலுக்கு அறிவித்திருக்கும் அளவையே பாருங்கள்: மணிக்கு 100 கிலோமீட்டரில் 85 டெசிபெல். அமைதிக்குப் பெயர்பெற்ற நிறுவனம், தன் சொந்தச் சுரங்கத்தில், தனக்கு உகந்த நிலையில் அளந்து சொல்வது 85. அந்த எண்ணின் பொருள் என்ன என்பதை அடுத்த கடிதத்தின் பதிலில் விளக்குகிறேன். உங்கள் காதின் "கொய்" சத்தத்துக்கும் அங்கேதான் மருந்து இருக்கிறது.

தெம்பனிஸ் வாசகர்: காதடைப்பான் போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் எப்படிக் கேட்கும்? அது ஆபத்தில்லையா?

நியாயமான அச்சம், எனக்கும் இருந்தது. முதலில் அந்த 85. சிங்கப்பூரின் வேலையிடச் சத்த விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபெல் என்பதை வரம்பாக வைத்துள்ளன. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரு மணி, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. விரைவுச்சாலை வேகத்தில் சாதாரண முழுமுகத் தலைக்கவசத்துக்குள் 95 டெசிபெல்லை ஒட்டிய சத்தம் இருப்பது வழக்கமே. ஜூரோங் வெஸ்ட் நண்பர் போகவும் வரவும் ஒன்றரை மணி நேரம் அதில் இருக்கிறார். கப்பல் பட்டறையில் அதே சத்தத்தில் அவர் நின்றிருந்தால் மேற்பார்வையாளர் ஓடிவந்து காதடைப்பானை மாட்டிவிட்டிருப்பார். வேலைக்குப் போகும் வழியில் சொல்ல ஆளில்லை. பந்தய ஓட்டுநர்களுக்கு இதனால் செவித்திறன் குறைவதைப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1994லேயே எழுதியிருக்கிறார்கள். ஓட்டி முடித்தபின் காதில் ஒலிக்கும் அந்த ரீங்காரம், உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் களைத்துப்போனதன் அடையாளம். இன்று அது ஒரு மணி நேரத்தில் மறைகிறது. பழுதான செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆம்புலன்ஸ் விஷயத்துக்கு வருவோம். காதடைப்பான் எல்லா ஒலியையும் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் சைரனையும் காற்றோசையையும் சேர்த்தே குறைக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிடும்போது சைரனின் நிலை பெரிதாகக் கெடுவதில்லை. இரைச்சலில் திணறாத காது சைரனை இன்னும் தெளிவாகப் பிரித்தறிகிறது என்பதுதான் பல ஆண்டுகளாக அணியும் என் அனுபவம். வெயிலில் குளிர்க்கண்ணாடி போட்டால் சாலை மறைவதில்லை அல்லவா, அதைப்போலத்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற நுரை அடைப்பானே போதும், இரண்டு மூன்று வெள்ளிக்குப் பல சோடிகள் கிடைக்கும். அதை மெல்லிதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகவேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பாதிப் பயன்கூட இல்லை. அக்கம்பக்கத்தில் மெதுவாக ஓட்டும்போது தேவையில்லை. ரீங்காரம் மறுநாள் வரை நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள், தலைக்கவசக் கடைக்கு அன்று.

யீஷூன் வாசகர்: ஜொகூரிலும் இணையத்திலும் தலைக்கவசம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. டாட், ஈசிஇ, ஸ்னெல் என்று பல முத்திரைகள் இருக்கின்றன. எதை நம்புவது?

இங்கே ஓட்டுவதற்கு இங்குள்ள ஒப்புதல் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்மவர்கள் இன்னமும் பிஎஸ்பி ஸ்டிக்கர் என்றுதான் அதை அழைக்கிறார்கள். எவ்வளவு உயர்ந்த வெளிநாட்டுத் தலைக்கவசமாக இருந்தாலும் அந்த வில்லை இல்லாமல் இறக்குமதிப் பொட்டலத்தில் வந்தால், போக்குவரத்துக் காவல்துறையினரிடம் தரத்தைப் பற்றி வாதாடவேண்டிய நிலை வரும். வில்லையை மட்டும் தனியாக வாங்கி ஒட்டித் தருவதாகச் சொல்பவரிடம் தலைக்கவசமும் வாங்காதீர்கள்.

அதற்குமேல் தரத்தை ஒப்பிட விரும்பினால் என் ஓட்டு, ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் ஈசிஇ விதியின் 22.06 முத்திரைக்கு. வாரில் தைத்திருக்கும் வெள்ளைத் துணியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், ஒப்புதல் அளித்த நாட்டின் எண்ணும் இருக்கும். 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 11 பிரிட்டன். கீழே உள்ள வரிசை எண் 06 என்று தொடங்கினால் புதிய விதி, 05 என்று தொடங்கினால் பழையது. பழைய விதியில் மோதல் சோதனை ஒரே வேகத்தில், குறித்த சில புள்ளிகளில் நடந்தது. புதியதில் குறைந்த வேகம், கூடிய வேகம் இரண்டும் சேர்ந்தன, புள்ளிகள் அதிகமாயின, சாய்தளத்தில் மோதி, தலை சுழலும் விசையையும் அளக்கிறார்கள். உண்மை விபத்துகளில் தலை நேராகப் போய் மோதுவதைவிடச் சாய்வாக உரசி மோதுவதே மிகுதி. மூளை சட்டென்று சுழல்வது பெருங்கேடு. ஆகவே இந்த மாற்றம் காகிதத்தோடு நிற்பதன்று. அதே துணியில் பி (P) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தாடைப்பகுதியும் பாதுகாப்புக்காகச் சோதிக்கப்பட்டது. என்பி (NP) என்றிருந்தால் தாடைப்பகுதி வெறும் அழகுக்கு.

டாட் என்பது அமெரிக்க விதி. அங்கே தயாரிப்பாளரே தன் பொருள் தேறியதாக அறிவித்துக்கொள்ளலாம். அரசு பிறகு சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும். ஸ்னெல், 1956ஆம் ஆண்டு பந்தயத்தில் இறந்த வில்லியம் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் நினைவாக மறு ஆண்டு அமைக்கப்பட்ட அறநிறுவனத்தின் தரம். நிறுவனங்கள் தாமாக முன்வந்து பெறுவது. இவற்றில் எந்த முத்திரையைப் பார்த்தும் தலைக்கவசம் சத்தமில்லாதது என்று முடிவுகட்டாதீர்கள்.

பொங்கோல் வாசகி: என் கணவரின் வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவள் நான். அவருக்கு வராத இரைச்சல் எனக்கு வருகிறது. ஜிமிக்கி, கொண்டை எல்லாம் வேறு. என்ன செய்யலாம்?

உங்கள் கணவரின் தலைக்கவசம் காற்றை உடைத்து, கலங்கிய நிலையில் உங்களிடம் அனுப்புகிறது. அவரைவிட உங்களுக்குச் சத்தம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. பின்னால் இருப்பவருக்கு மலிவான தலைக்கவசம் போதும் என்ற நம் குடும்ப வழக்கத்தை இனியாவது கைவிடலாம். கொண்டையின் மீது தலைக்கவசம் அணிந்தால் அது உச்சியில் தூக்கி நிற்கும், கீழே சந்து விழும். சத்தத்தைவிட, விபத்தில் கழன்றுவிடும் அபாயமே பெரிது. பின்னலைத் தாழ்த்திப் போட்டு, சட்டைக் காலருக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஜிமிக்கியைக் கைப்பையில் வைத்திருந்து சிராங்கூன் சாலையில் இறங்கியபின் மாட்டிக்கொள்ளலாம். காதோடு ஒட்டிய தோடு என்றாலும் அழுத்தி வலிக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் அதன் காம்புக்கு வழிவிட்ட கன்னத் திண்டு உள்ள மாடலைத் தேடுங்கள், இல்லையென்றால் காம்பு திண்டைத் தூக்கிச் சத்தத்துக்குக் கதவு திறக்கும். கடைக்கு அவரை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் தலைக்கு அவர் அளவு பார்க்க முடியாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஜொகூர் பாலத்தைக் கடப்பவன் நான். மழையில் வைசர் முழுவதும் மூடுபனி போல் ஆகிவிடுகிறது. திறந்தால் மழையும் சத்தமும், மூடினால் பார்வையில்லை. தாடைப்பகுதியைத் தூக்கும் மாடுலர் வகை வாங்கலாமா?

பின்லாக் எனப்படும் இரண்டாவது வில்லையை வைசரின் உட்புறம் பொருத்துங்கள். இரண்டு வில்லைகளுக்கும் நடுவே அடைபடும் காற்று, வெளியே மழையில் குளிர்ந்த வைசரிலிருந்து உள்வில்லையைப் பிரித்துவைப்பதால் மூச்சின் ஈரம் அதில் படியாது. வைசரில் அதற்கான இரு குமிழ்கள் இருக்கவேண்டும், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் இறுதியில் வரும் வடகிழக்குப் பருவமழையில் பாலத்தில் வரிசையில் நிற்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது ஆடம்பரமன்று. இரவில் கறுப்பு வைசர் வேண்டவே வேண்டாம்.

தாடைப்பகுதியைத் தூக்கக்கூடிய மாடுலர் வகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடிநுழைவுச் சாவடியில் முகம் காட்ட வசதி, உண்மை. கீல் இருப்பதால் எடை இருநூறு கிராம் வரை கூடும். மலிவானவற்றில் கீல் வழியே காற்றும் புகும். நல்லதாக வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் அதே விலையில் சாதாரண முழுமுகமே மேல்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் தலைக்கவசம், ஒருமுறைகூட விழவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள். ஐந்து ஆண்டுகள் என்பது தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் கணக்கு. நம் வெயிலும் வியர்வையும் தலையெண்ணெயும் உள்நுரையையும் பசையையும் மெல்ல அரிக்கின்றன. திண்டுகள் தளர்ந்து, வாங்கியபோது இல்லாத சத்தமும் வந்திருக்கும். புதியதை வாங்கியபின் உள்துணியை மாதம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வைசரைப் பெட்ரோலாலோ கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ துடைக்காதீர்கள். கொசுவிரட்டி பூசிய கையாலும் தொடவேண்டாம், அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பாலிகார்பனேட்டை மங்கச் செய்யும். பழையதை யாருக்கும் கொடுக்காமல் வாரை வெட்டிவிட்டு எறியுங்கள்.